கரப்பும் கரப்புடுப்பும்

மட்டக்களப்பு வாவியின் ஆழங்குறைந்த நீரிலே மீன்பிடிப்போர் கையாளும் கூடை ஒன்றுண்டு. மேல்வாய் சிறுத்து அடிவாய் அகன்ற அதனைக் கரப்பு என்பர். அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது, வடமோடிக் கூத்தில் அரசர் அணியும் கரப்புடுப்பு.

இடையிலிருந்து விரிந்து நிற்கும் இவ்வுடையை ஆக்கிய கிராமத்தவர்கள் ஓவியப் பள்ளியிற் பயின்றவர்களல்லர். ஆனால் தம் களரியை நன்கறிந்தவர்கள். களரி வட்டமானது, பார்ப்போர் நாற்புறமும் இருப்பர், தீப்பந்தத்தின் ஒளியோ சிறியது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அரசன் அரசனாகத் தெரியவேண்டும். பதித்த கண்ணாடித் துண்டுகள் அந்தச் சிறு ஒளியையும் வாரி வீசவேண்டும். தென்மோடியின் உடைகளோ பாரங்குறைந்தவை. ஆட்டமே உடையை வகுத்தது எனலாம்.

கலை இயக்கங்களும் உடையை வகுப்பதுண்டு. 1917இல் பரிஸ் நகரில் மேடையேறிய 'பரேட்' என்னும் பாலே நடனத்துக்கு பிக்காசோ அமைத்த உடைகளிற் சில, கியூபிச ஓவியமே எழுந்து நடந்தாற்போல் இருந்தன. நம் நாட்டில் 1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' நாடகத்துக்கு உடையமைத்தவர், கலை வரலாற்றறிஞரும் கவிஞருமான சிறி குணசிங்க. மரபைத் தேடிய இயக்கம், உடைக்கும் ஓர் அறிஞரின் கண்ணைத் தேடியது.

அதே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் துணையுடன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தையும், 1964இல் சி. மௌனகுரு இராவணனாக ஆடிய 'இராவணேசன்' கூத்தையும் மேடையேற்றினார். விடியவிடிய ஆடிய கூத்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது. கூத்துக்குக் கல்வியுலகில் மதிப்புக் கிடைத்தது. ஆனால் படச்சட்ட மேடையிலே பார்ப்பவர் முன்புறம் மட்டுமே இருந்தனர். பந்தத்தின் இடத்தை மின்னொளி பிடித்தது. நாற்புறக் கண்களுக்காகப் பிறந்த உடை, இனி யாருக்காக விரிவது?

இந்தக் கேள்வி அன்றோடு முடியவில்லை. 2000களில் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊரவரும் சேர்ந்து நடத்திய கூத்து மீளுருவாக்கம், மாற்றம் களரிக்குள்ளேயே, கூத்தாடுவோரின் கூட்டு முடிவாலேயே நிகழவேண்டும் என்றது.

மேடை கூத்துக்குப் புதிய மதிப்பைத் தந்தது உண்மை. அதை மறுத்தல் நன்றியன்று. ஆயினும் உடையின் வடிவத்தை மட்டும் எடுத்துச் செல்லும் கலைஞர் அதன் காரணத்தை விட்டுச் செல்கிறார். சட்டங்கொடுத்த நாள்முதல் மாதக்கணக்கில் ஆடிப் பழகியவன், அரங்கேற்ற இரவிலேதான் அந்த உடைக்குள் நுழைகிறான். அன்று அதைக் கட்டிவிடும் கைகளும் அவனது ஊரின் கைகளே. கரப்பை நீரிலிருந்து எடுத்துக் காட்சிக்கு வைக்கலாம். மீன் அகப்படுவது வாவியிலேதான்.