வேயலும் வளையும்: யாழ்ப்பாணக் கரையோர வீடுகளில் மரச்சிதைவும் செப்பனிடலும் – ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் நாற்சாரத்தின் அமைப்பு, திண்ணை, தலைவாசல், சங்கடப்படலை ஆகியவற்றிலேயே கருத்தைச் செலுத்தியுள்ளனர். கூரையைத் தாங்கி நின்ற மரங்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. ஆயினும், பருத்தித்துறை முதல் ஊர்காவற்றுறை வரையுள்ள கரையோரத்திலும் அதற்கப்பாலுள்ள தீவுகளிலும் வீட்டின் ஆயுளை நிர்ணயித்தவை அம்மரங்களே. உப்புக் காற்றும் வடகீழ்ப் பருவமழையும் கறையானும் முதலிற் பற்றுவது கூரை மரத்தையே. அம்மரம் எதனால் கெட்டது என்பதை உயிரியல் கற்றோர் விளக்குவர். அது கெட்டதை வீட்டார் எப்போது கண்டனர் என்பதே வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினா. கூரையின் அமைப்பு மாறியபோதெல்லாம் இவ்வினாவுக்கான விடையும் மாறிவந்தது.

முதற்கண் பனைமரத்தின் இயல்பு நோக்கற்பாலது. தேக்கு, வேம்பு முதலியவற்றில் வைரம் நடுவிலும் மென்மரம் புறத்திலும் அமையும். ஆகவே அவை கெடும்போது புறமே முதலில் உக்கும்; கண்ணாற் காணவும் இயலும். பனை இதற்கு நேர்மாறானது. அது ஒருவித்திலைத் தாவரமாதலின் அதற்கு ஆண்டு வளையங்கள் இல்லை. கரிய வன்னார்கள் புறத்தே செறிந்திருக்க, உள்ளே சோற்றி மென்மையாக இருக்கும். மரத்தைப் பிளந்து சோற்றியைச் செதுக்கிக் களைந்த பின்னரே சலாகையும் கைமரமும் பெறப்படும். களையாது விடப்பட்ட சோற்றியிலேயே ஈரம் தங்கும். கறையானும் அதனையே நாடும். உள்ளீடு முழுவதும் மண்ணான பின்னரும் கருமையான புறத்தோடு முழுமையாகத் தோற்றமளிக்கும் என்பதனால், பனைமரத்தைப் பொறுத்தவரை கண்ணை நம்புதல் தகாது. சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்டலும், கத்தி முனையால் உட்புறத்தைக் குத்திப் பார்த்தலுமே உரிய சோதனைகளாம். வன்மையான மரம் கணீரென ஒலிக்கும்; உட்கெட்ட மரத்தின் ஓசை மந்தமானது.

வில்லியம் பெர்குசன் என்பார் 1850இல் கொழும்பில் வெளியிட்ட பனை பற்றிய நூலில், மரம் முதிர முதிரக் கறுத்து வன்மை பெறும் என்பதை எடுத்துரைத்தார். இளம் பனையைத் தறித்துக் கூரையிட்டவன் அதன் பயனை நெடுநாள் நுகரான் என்பது குடாநாட்டார் நன்கறிந்த செய்தியே. ஒல்லாந்தர் ஆட்சியிலும் பனைமரம் இங்கிருந்து கடல் வழியாக ஏற்றுமதியான பொருள்களுள் ஒன்றாக விளங்கியது.

ஓலைக் கூரை வழங்கிய காலத்தில் மரச்சிதைவை அறிவதற்குத் தனியொரு முயற்சி வேண்டியிருக்கவில்லை. பனையோலையாயினும் தென்னங்கிடுகாயினும் சில ஆண்டுகளுக்கு மேல் நிலைப்பதில்லை. மழைக்கு முன்னர் பழைய வேயலைப் பிரித்துப் புதிதாக வேய்தல் வழக்கம். வேயல் பிரிக்கப்பட்ட நாளில் முகட்டு வளை முதல் வரிச்சு வரை எல்லா மரங்களும் வெயிலில் வெளிப்பட்டு நிற்கும். கட்டுக்கள் கயிற்றால் ஆனவை. அவிழ்த்து ஒரு கைமரத்தை மட்டும் மாற்றுவது எளிது. அடுப்படியின் புகை ஓலையினூடே கசிந்து மரத்தை உலர்த்தியமையும், பூச்சிகளை ஓரளவு விலக்கியமையும் மற்றொரு நன்மை. வேய்தலை வறுமையின் அடையாளமாகவும், ஆண்டுதோறும் வரும் வீண் செலவாகவும் பிற்காலத்தார் கருதினர். அச்செலவோடு கூரைச் சோதனையும் சேர்ந்தே நடைபெற்றது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வீட்டுச் சொற்களும் ஈண்டு சான்று பகர்கின்றன. வளை, கைமரம், வரிச்சு, வேயல் என்பன தமிழ்ச் சொற்கள். தீராந்தி, விறாந்தை, யன்னல் என்பனவோ போர்த்துக்கேய மொழிவழி வந்தவை. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கற்சுவரின்மீது குறுக்கே கிடத்தப்படும் பெருமரத்துக்குத் தமிழில் உத்திரம் என்ற சொல் இருக்கவும் தீராந்தி என்பது நிலைபெற்றது, கட்டட முறையிலும் புதுமை புகுந்ததைக் குறிப்பால் உணர்த்துகின்றது எனலாம்.

கற்சுவரோடு புதியதொரு கேடும் வந்தது. சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும் நீரை உறிஞ்சுவன. கடற்கரை மணல் கலந்த சாந்தில் உப்பு உண்டு; அவ்வுப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்ததும் ஈரத்தைத் தன்பால் ஈர்த்துக் கசியும். இத்தகைய சுவரினுள் செருகப்பட்ட தீராந்தியின் முனை உலர்வதற்கு வழியில்லை. உப்பு மரத்தை நேரே உக்கச் செய்வதில்லை. மேற்புற நார்களைப் பிரித்துப் பஞ்சுபோலாக்குவதே அதன் வேலை. உக்கச் செய்வது பூஞ்சணம். மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு மேல் நீடிக்குமாயின் அது வளரத் தலைப்படும். நடுப்பாகம் இரும்புபோல் இருக்கவும் முனை மாத்திரம் சுவருக்குள் மாவாகிப்போவது இதனாலேயே. சுவரோரத்தில் கறை படர்தலும், அவ்விடத்தில் கூரை சற்றே தாழ்தலும் அதன் அறிகுறிகள். இதனை அறிந்த ஓடாவிமார் முனையைச் சுற்றிச் சிறிது இடைவெளி விட்டுக் காற்றோட்டம் தந்தனர். உக்கிய பாகத்தை நல்ல மரம் தென்படும்வரை அறுத்தெறிந்து, புதுத்துண்டைச் சாய்வாக ஒட்டி மரமுளையிட்டனர். அல்லது சுவரோடு ஒரு தாங்குமரத்தை நிறுத்தினர். ஆணி அடிப்பதில் அவர்கள் காட்டிய தயக்கத்துக்கும் காரணமுண்டு. பனையின் புறவைரத்தில் துறப்பணத்தால் துளையிடாது ஆணியை இறக்க முடியாது. இறக்கினும் கடற்காற்றில் இரும்பு துருவேறிப் பருத்து மரத்தைப் பிளந்துவிடும்.

கூரையை நெடுங்காலத்துக்கு மூடிவைத்தது ஓடேயாகும். 1865இல் பாசல் மிசனார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின்னர், தென்னிந்திய மேற்குக் கரையின் தட்டையோடுகள் கடல் கடந்து இலங்கைக்கும் வந்தன. குடாநாட்டில் ஓட்டு வீடு செல்வாக்கின் சின்னமாயிற்று. ஓடு தீயை அஞ்சாது; ஆண்டுதோறும் மாற்றவும் வேண்டுவதில்லை. இவை மெய்யான நன்மைகளே. எனினும், ஈராண்டுக்கோ மூவாண்டுக்கோ ஒருமுறை திறந்த கூரை இப்போது ஒரு தலைமுறைக் காலம் மூடிக்கிடந்தது. அறைகளுக்கு உட்கூரைப் பலகை அடித்த வீடுகளில் சலாகைகள் முற்றாகவே கண்ணுக்கு மறைந்தன. ஓடொன்று நகர்ந்தால் அவ்விடத்து ஒழுக்கு மாரிதோறும் ஒரே சலாகையை நனைக்கும். நனைந்த மரத்தை நாடி மண்கறையான் சுவர் வெடிப்பினூடே புற்றுப்பாதை அமைத்து மேலேறும். உலர்மரக் கறையானுக்கோ மண்ணின் தொடர்பே வேண்டுவதில்லை. அது உள்ளதெனக் காட்டுவது, தரையில் உதிரும் மணல் போன்ற நுண்ணிய எச்சமே. காலையில் முற்றம் கூட்டும் பெண்களே அதனை முதலிற் காண்பவர்கள். வண்டின் வேலையாயின் உதிர்வது மணியன்று, மா. இவ்வேறுபாட்டை அறியாது, எங்கும் மண்ணெண்ணெயைப் பூசி அமைதியுற்றோர் பலர்.

1964 டிசம்பரில் வீசிய சூறாவளி வடபகுதிக் கூரைகள் பலவற்றைச் சிதைத்தது. ஆயினும் அதனினும் பெரிய அழிவு போராலேயே நேர்ந்தது. 1990 முதல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேற நேர்ந்தது; அவ்வாண்டு ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவ்வீடுகள் பலவற்றின் ஓடும் மரமும் நிலையும் கதவும் கழற்றப்பட்டன. சுவர்கள் மட்டும் மாரிக்கும் வெயிலுக்கும் நின்றன. பொருளாதாரத் தடையால் சிமெந்து முதலியன கிடைத்தற்கரியனவாகிய ஆண்டுகளில், குடாநாட்டில் எஞ்சியிருந்தோர் கழற்றிய மரத்தைக் கொண்டே தம் கூரைகளை ஒட்டுப்போட்டனர். இன்னொருபுறம், காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்குமாக முதுபனைகள் பெருமளவில் தறிக்கப்பட்டன. வீட்டிலிருந்த மரமும் வீட்டுக்கு வேண்டிய மரமும் ஒரே காலத்தில் அழிந்தன.

2009இல் போர் முடிந்த பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. திரும்பியோர் பலர் கொங்கிறீற்றை நாடினர். கறையான் தீண்டாதது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். ஆனால் உப்பு மணல் கலந்த கொங்கிறீற்றினுள் கம்பி துருப்பிடிப்பதும் உள்ளேயே நிகழ்கின்றது. சீமெந்துப் பூச்சு வெடித்து உதிர்ந்த பின்னரே அது வெளியே தெரியும். தட்டிப் பார்க்கும் பழக்கம் அங்கும் உதவும். பழுதான தீராந்தி முனையைப்போல் அதனை ஒரு நாளில் அறுத்து மாற்றுதல் மட்டும் இயலாது.

பழைய சலாகையை விலைக்கு வாங்கிச் சோற்றிப் பக்கத்தைச் சீவி மீண்டும் கூரையில் ஏற்றுவோரும் உளர். கூரைக்கு உகந்த வைரம் கொள்வதற்கு ஒரு பனைக்கு அறுபது ஆண்டுகளேனும் வேண்டும் என்பர். 2009இன் பின்னர் ஊன்றப்பட்ட விதைகள் அந்நிலையை எய்தும்போது இந்நூற்றாண்டில் மூன்றிலிரண்டு பங்கு கழிந்திருக்கும். அதுவரை ஓடாவியின் கைக்கு எட்டுவன எஞ்சிய முதுபனைகளும், பிரிக்கப்படும் பழைய கூரைகளின் சலாகைகளுமே.