உலர்காப்பும் பதனிடலும்: மான் பாடஞ்செய்கலை வரலாற்றில் தோலும் உள்ளுடலும்

ஆய்வுச்சுருக்கம்

இறந்த விலங்கின் தோலைக் கொண்டு அதன் உருவத்தை மீட்டமைக்கும் பாடஞ்செய்கலையில் தோலைக் காப்பதற்கு இரு வழிகள் கையாளப்பட்டு வந்துள்ளன. நஞ்சோ காரமோ தடவிப் பச்சைத்தோலை உலரவிடுதல் ஒன்று. தோலைப் பதனிட்டுப் பின்னர் உருவத்தின்மீது போர்த்துதல் மற்றொன்று. முன்னது பழமை, பின்னது வளர்ச்சி என்னும் கருத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. தோலுக்குள் வைக்கப்பட்ட உடலின் அமைப்பு மாறியதே தோலைக் காக்கும் முறையின் மாற்றத்திற்கு முதன்மைக் காரணம் என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: பாடஞ்செய்தல், உலர்காப்பு, தோல் பதனிடல், வெள்ளைப் பாடாணம், அருங்காட்சியகவியல்

1. முன்னுரை

தோல் பதனிடுதல் மாந்தரின் மிகத் தொன்மையான தொழில்களுள் ஒன்று. பாடஞ்செய்கலையோ 18ஆம் நூற்றாண்டின் இயற்கை வரலாற்றுச் சேகரிப்புகளோடு வளர்ந்தது. அவ்வாறெனில், கைவசம் இருந்த பதனிடும் அறிவை அக்கலைஞர்கள் நெடுங்காலம் முழுமையாகப் பயன்படுத்தாதது ஏன் என்னும் வினா எழுகிறது. அறியாமை எனக் கூறி இதனைக் கடந்துவிட இயலாது. இவ்வினாவை ஆராய மான் ஏற்ற சான்றாகும். மெல்லிய கால்கள், பெரிய செவிகள், கண்ணின் முன்மூலைச் சுரப்பிக் குழி, நுண்மையான உதடு ஆகியவற்றால், தோல் சிறிது சுருங்கினும் மானின் முகத்தில் அப்பிழை வெளிப்பட்டுவிடும்.

2. இரு முறைகளின் அடிப்படை வேறுபாடு

தோலின் வலிமைக்குக் காரணமான புரதம் கொலாஜன். பச்சைத்தோல் உலரும்போது நீர் வெளியேறி, அதன் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. எனவே தோல் சுருங்கி விறைக்கிறது. மீண்டும் நீர் புகுந்தால் அது இளகி அழுகத் தொடங்கும். பதனிடும்போது, ஆவாரம்பட்டை போன்றவற்றிலுள்ள துவர்ப்பொருள்களோ குரோமிய உப்புகளோ இழைகளுக்கிடையே புகுந்து பிணைப்புகளை உண்டாக்குகின்றன. அத்தோல் நனைந்தாலும் எளிதில் அழுகாது. உலர்ந்தாலும் பச்சைத்தோலைப்போல் இறுகாது.

உலர்காப்பில் தோலின் இயல்பு மாறுவதில்லை. பூச்சிகளிடமிருந்தும் ஈரத்திலிருந்தும் அது விலக்கி வைக்கப்படுகிறது. பதனிடலில் தோலே வேறொரு பொருளாகிறது. படிகாரமும் உப்பும் கலந்த கரைசலில் ஊறவைத்தல் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. படிகாரம் இழைகளோடு வலுவாகப் பிணைவதில்லை. நீரில் கழுவினால் பெரும்பகுதி நீங்கிவிடும்.

3. நஞ்சின் காலம்

மெட்சு நகரின் மருந்தாளர் ழான் பத்தீசுட்டு பெக்கர் (1718-1777) உருவாக்கிய பாடாணச் சவர்க்காரம் உலர்காப்பின் வரலாற்றில் திருப்புமுனையாகும். வெள்ளைப் பாடாணம், சவர்க்காரம், கற்பூரம், பொட்டாசியம் கார்பனேட்டு, சுண்ணாம்பு ஆகியன அதன் கூறுகள். அவர் மறைவாக வைத்திருந்த அச்செய்முறையைப் பாரிசு அருங்காட்சியகத்தின் லூயி துஃப்ரேன் 1803இல் வெளியிட்டார். அதன்பின் அது பரவலாயிற்று. அச்சவர்க்காரம் தோல்வண்டையும் அந்துப்பூச்சியையும் தடுத்தது. ஆனால் தோலைப் பதனிடவில்லை.

பறவைத் தோலுக்கு அதுவே போதியதாயிற்று. தோல் மெல்லியது, இறகுகள் அதன் சுருக்கத்தை மறைத்தன. பாலூட்டிகளில் நிலை வேறு. அமெரிக்காவின் ராச்செசுட்டர் நகரிலிருந்த வார்டு நிறுவனத்தில் 1880களில் பணியாற்றிய கார்ல் ஏக்லி, அங்கு நிலவிய முறையைத் தம் 1923ஆம் ஆண்டு நூலில் விவரித்துள்ளார். தோலுக்கு உப்பும் படிகாரமும் பாடாணச் சவர்க்காரமும் இடுவர். கம்பி சுற்றிய கால் எலும்புகளைப் பொருத்தி, உடலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கொள்ளுமட்டும் வைக்கோல் திணிப்பர். ஓரிடத்தைக் குறுக்க வேண்டின், நீண்ட ஊசியால் குறுக்கே தைத்து இழுப்பர்.

இங்குத் தோலின் பணி கருதத்தக்கது. திணிக்கப்பட்ட வைக்கோலுக்குத் தனி வடிவம் இல்லை. தோலே பையாகவும் சுவராகவும் நின்று உருவத்தைத் தாங்குகிறது. அந்நிலையில் உலர்ந்து விறைத்தல் குறையன்று, தேவையே ஆகும். பதனிட்ட மென்தோல் அத்திணிப்பின் அழுத்தத்தில் நெகிழ்ந்து வடிவிழந்திருக்கும். ஆகவே பதனிடல் தவிர்க்கப்பட்டதற்கு அக்கால உடலமைப்பு முறையிலேயே காரணம் இருந்தது எனலாம்.

4. ஏக்லியின் நான்கு பருவ மான்கள்

வார்டு நிறுவனத்தைச் சார்ந்த கலைஞர்கள் 1880இல் அமெரிக்கப் பாடஞ்செய்வோர் சங்கத்தை நிறுவினர். அவர்களுள் ஒருவரான வில்லியம் ஆர்னடே, மரச்சீவல் சுற்றிய சட்டத்தின்மீது களிமண் பூசி, அதன்மேல் ஈரத்தோலைப் போர்த்தித் தசைகளை உருவாக்கினார். 1891இல் வெளிவந்த அவரது கையேடு இம்முறையைப் பரப்பியது. வடிவம் தோலிலிருந்து உள்ளுடலுக்கு நகர்ந்த முதற்கட்டமாக இதனைக் கொள்ளலாம்.

சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்திற்காக 1902இல் ஏக்லி நிறைவு செய்த 'வர்ஜீனிய மானின் நான்கு பருவங்கள்' இம்மாற்றத்தின் முதிர்ந்த வெளிப்பாடு. அவர் வளர்த்தெடுத்த முறையில் உருவம் முதலில் களிமண்ணில் சிற்பமாகச் செதுக்கப்பட்டது. அதிலிருந்து சாந்து அச்சும், அவ்வச்சிலிருந்து எடை குறைந்த, உள்ளீடற்ற உருவமும் எடுக்கப்பட்டன. அதன்மேல் பதனிட்ட தோல் ஆடைபோல் பொருத்தப்பட்டது. எலும்பின் மேடும் தசையின் பள்ளமும் சிற்பத்திலேயே இருந்தமையால், தோல் அவற்றைத் தழுவினாற் போதுமானது. விறைத்துச் சுருங்கும் தோல் பள்ளங்களிலிருந்து விலகி, சிற்பத்தின் நுட்பத்தையே அழித்துவிடும். பதனிடல் இவ்வாறு தவிர்க்க முடியாத தேவையாயிற்று.

5. உலர்காப்பின் மறுவரவு

பதனிடல் வந்தபின் உலர்காப்பு மறைந்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் பாடாணத்தின் இடத்தை 20ஆம் நூற்றாண்டில் வெண்காரம் பெற்றது. வேட்டைக்காரர்களுக்கு மான்தலைகளைச் செய்து தரும் வணிகக் கூடங்களில், சதை நீக்கிய தோலின் உட்புறத்தில் வெண்காரப் பொடியைத் தேய்த்து உருவத்தில் பொருத்தும் வழக்கம் நிலைத்தது. பல அளவுகளில் ஆயத்தமாகக் கிடைத்த உருவங்களும், உலரும்வரை தோலைப் பற்றிநிற்கும் வலுவான பசைகளும் இதற்குத் துணைநின்றன. பதனிடுவதற்கு ஆகும் காலமும் செலவும் மிச்சமாயின. செவியடி, கண்ணோரம், தையல் ஆகிய இடங்களில் தோல் விலகும் வாய்ப்பு அதற்குரிய விலையாயிற்று. இம்மறுவரவையும் இயக்கியது உள்ளுடலின் மாற்றமே என்பது இங்குக் குறிக்கத்தக்கது.

6. நம் சேகரிப்புகளுக்கான பொருத்தப்பாடு

ஆர்னடே 1877இல் ஆனைமலைப் பகுதியில் வார்டு நிறுவனத்திற்காக விலங்குகளைச் சேகரித்தவர். ஏறத்தாழ 1900 முதல் 1999 வரை மைசூரில் இயங்கிய வான் இங்கன் நிறுவனம், அச்சுகளைக் கொண்டு காகிதக்கூழ் உருவங்களைப் பெருமளவில் செய்தது. எனவே மேற்கண்ட வரலாறு தென்னிந்தியாவுக்கு அயலானதன்று. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின், பழைய கடமான், புள்ளிமான் உருவங்களுக்கு மாற்று தேடுதல் அரிது. இருப்பவற்றைக் காப்பதே வழி.

அதற்குத் தோல் எம்முறையில் காக்கப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பாடாணம் தடவிய உருவங்களில் கண், செவியடி, தையல் ஆகிய இடங்களில் வெண்படிகங்கள் தோன்றக்கூடும். அவற்றைக் கையுறையும் முகக்கவசமும் இன்றித் துடைத்தல் ஊழியர்க்குத் தீங்காகும். படிகாரமிட்ட தோலை நீரால் கழுவினால் காப்பே நீங்கிவிடும். எக்சு கதிர் ஒளிர்வுச் சோதனையால், தோலைச் சிதைக்காமலே ஆர்சனிக்கைக் கண்டறிய இயலும். ஆயினும் பதிவேடுகளில் உயிரினப் பெயரும் இடமும் ஆண்டும் இடம்பெறும் அளவிற்குக் காப்புமுறை இடம்பெறுவதில்லை. இக்குறை களையப்படுதல் வேண்டும்.

7. முடிவுரை

திணித்த வைக்கோலுக்கு விறைத்த தோலும், செதுக்கிய சிற்பத்திற்குப் பதனிட்ட தோலும், ஆயத்த உருவத்திற்குப் பசையோடு உலர்ந்த தோலும் பொருந்தின. இரு முறைகளுள் எது சிறந்தது என்னும் வினாவைவிட, எவ்வுடலுக்கு எத்தோல் என்னும் வினாவே இவ்வரலாற்றைத் தெளிவாக விளக்குகிறது. பாடஞ்செய்த மானை உயிரினச் சான்றாக மட்டுமின்றி ஒரு தொழில்நுட்ப ஆவணமாகவும் வாசிக்க இப்பார்வை துணைசெய்யும்.