பூந்தொட்டியில் கூடு, பூட்ஸுக்குள் முட்டை... மனிதர்களை விட்டு விலகாத 'ரென்' குருவி: வீட்டில் கூடு கட்டினால் என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்காவில் ஏப்ரல், மே மாதம் வந்துவிட்டால் பல வீடுகளில் இது நடக்கும். முன்வாசலில் தொங்கும் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால், உள்ளேயிருந்து பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று முகத்துக்கு நேராக 'விர்'ரென்று பறந்து போகும். எட்டிப் பார்த்தால் காய்ந்த இலை, குச்சி, முடி எல்லாம் சேர்த்து ஒரு கூடு. உள்ளே நாலைந்து முட்டை. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரர்கள் சில வாரங்களுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போய் வருவார்கள்.

அந்தக் குருவியின் பெயர் ரென். நியூஜெர்சி, டெக்சாஸ், கனடாவின் டொராண்டோ என்று தமிழர்கள் அதிகம் வாழும் பகுதிகளிலும் தோட்டத்துக்கு வரும் பறவைதான் இது.

யார் இந்த ரென்?

ரென் குடும்பத்தில் சுமார் 90 இனங்கள் உண்டு. கிட்டத்தட்ட எல்லாமே வட, தென் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. ஐரோப்பா, ஆசியா பக்கம் வந்தது ஒரே ஒரு இனம்தான். இந்தியாவில் அதை இமயமலைப் பகுதியில் பார்க்கலாம், தமிழ்நாட்டில் கிடையாது. நம்ம ஊரில் வராண்டா ஒயரில் கூடு தொங்கவிடும் தேன்சிட்டு செய்கிற வேலையை, அங்கே ரென் செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வீடுகளை ஒட்டி அதிகம் கூடு கட்டுவது இரண்டு வகை. ஒன்று ஹவுஸ் ரென். எடை 10 முதல் 12 கிராம். அதாவது மூன்று ஒரு ரூபாய் நாணயங்களின் எடை, அவ்வளவுதான். குளிர்காலத்தில் தெற்கே போய்விட்டு, வசந்தத்தில் திரும்பி வரும். இன்னொன்று கரோலினா ரென். இது கொஞ்சம் பெரிசு, கண்ணுக்கு மேலே புருவம் மாதிரி வெள்ளைக் கோடு இருக்கும். இது எங்கேயும் வலசை போகாது. ஆணும் பெண்ணும் ஜோடியாக வருஷம் முழுக்க ஒரே இடத்தில் இருக்கும். 1948 முதல் தென் கரோலினாவின் மாநிலப் பறவையும் இதுதான்.

உருவம் சின்னது, ஆனால் சத்தம் பெரிசு. கூண்டில் வளர்க்கப்பட்ட ஒரு ஆண் கரோலினா ரென் ஒரே நாளில் சுமார் 3,000 முறை பாடியதாகப் பதிவு இருக்கிறது. காலையில் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தூங்க நினைப்பவர்களுக்கு இது அவ்வளவு நல்ல செய்தி இல்லை.

ஏன் வீட்டையே தேடி வருகிறது?

ஹவுஸ் ரென்னுக்கு மரப்பொந்து மாதிரி ஒரு ஓட்டை வேண்டும். ஆனால் அதைத் தானாகக் குடையத் தெரியாது. மரங்கொத்தி விட்டுப்போன பொந்தோ, மனிதர்கள் வைத்த பெட்டியோ கிடைத்தால் பிடித்துக்கொள்ளும். கரோலினா ரென்னுக்கு அதுகூடத் தேவையில்லை. தபால் பெட்டி, கராஜ் அலமாரி, கொடியில் மாட்டிய பழைய கோட்டுப் பாக்கெட், கதவில் தொங்கும் அலங்கார வளையம், வெளியே விட்ட பூட்ஸ்... எதிலும் கட்டும்.

ஹவுஸ் ரென் குடும்பம் நடத்தும் விதமும் சுவாரசியமானது. ஆண் முதலில் வந்து, கிடைத்த பொந்துகளில் எல்லாம் குச்சிகளைத் திணித்து வைக்கும். பெண் வந்து ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்து, பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, உள்ளே புல், இறகு, முடி வைத்து மெத்தை அமைக்கும். சில சமயம் சிலந்தி முட்டைப் பையைக்கூடக் கொண்டு வந்து கூட்டில் வைக்கிறது. அதிலிருந்து வரும் சிலந்திக் குஞ்சுகள், பறவைக் குஞ்சுகளைக் கடிக்கும் உண்ணிகளைத் தின்றுவிடும் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

ஏறக்குறைய இரண்டு வாரம் அடைகாப்பு, அடுத்த இரண்டு வாரம் குஞ்சு வளர்ப்பு. அந்த நாட்களில் தாயும் தந்தையும் புழு, வண்டு, வெட்டுக்கிளி, சிலந்தி என்று விடியற்காலை முதல் இருட்டும் வரை தூக்கிக்கொண்டு வரும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து இதைப் பார்ப்பதற்காகவே பலர் பெட்டி வைக்கிறார்கள்.

எல்லோருக்கும் பிடித்த குருவிதானா?

இங்கேதான் பிரச்சினை. ஹவுஸ் ரென் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பொறுத்துக்கொள்ளாது. தன் எல்லைக்குள் வேறு பறவை கூடு கட்டினால், அதன் முட்டைகளை அலகால் குத்தி உடைத்துவிடும். பசிக்காக இல்லை, பொந்துக்கும் இடத்துக்கும் நடக்கும் போட்டி. புளூபேர்ட், சிக்கடீ, மரத் தகைவிலான் போன்ற பொந்தில் வாழும் பறவைகள்தான் அதிகம் அடிவாங்குபவை.

இதைப் பார்த்துக் கொதித்தவர் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஆல்தியா ஷெர்மன். ஓவியரும் பறவை ஆய்வாளருமான இவர், தன் வீட்டுத் தோட்டத்திலேயே ஆண்டுக்கணக்கில் பறவைகளைக் கவனித்துக் குறிப்பெடுத்தவர். ரென்கள் மற்ற பறவைகளின் கூடுகளை அழிப்பதைப் பார்த்து, ரென் பெட்டிகளையே ஒழிக்க வேண்டும் என்று 1925-ல் 'வில்சன் புல்லட்டின்' இதழில் எழுதினார். அது பெரிய விவாதமாக வெடித்தது. நல்ல குருவி என்று நினைத்து ஊரெல்லாம் பெட்டி மாட்டியவர்களுக்கு அதிர்ச்சி. ரென் தன் இயல்புப்படிதான் நடக்கிறது, அதைக் குற்றவாளி ஆக்கலாமா என்று இன்னொரு தரப்பு கேட்டது.

புளூபேர்ட் ஆர்வலர்களிடம் இந்தக் கோபம் இன்றும் இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. 20-ம் நூற்றாண்டில் எண்ணிக்கை குறைந்து, மக்கள் பெட்டி வைத்து மீட்டெடுத்த பறவை அது. இதற்கு நடைமுறையில் உதவும் வழி இடத்தைப் பிரித்து வைப்பதுதான். ரென் புதர், மரம் ஓரத்தை விரும்பும். புளூபேர்டுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். எனவே புளூபேர்ட் பெட்டியைப் புதர்களிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். பக்கத்தில் புளூபேர்ட் கூடு இருப்பது தெரிந்தால், புதிதாக ரென் பெட்டி மாட்டாமல் இருப்பதே நல்லது.

பெட்டி வைப்பது எப்படி?

ஓட்டை 28 மில்லிமீட்டர் அளவு இருந்தால் போதும். அதற்கு மேல் பெரிதானால் ஊர்க்குருவி புகுந்துவிடும். தரையிலிருந்து 5 முதல் 10 அடி உயரத்தில் மாட்டலாம். ஓட்டைக்குக் கீழே உட்காரும் குச்சி வைத்த அழகுப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன, ஆனால் ரென்னுக்கு அந்தக் குச்சி தேவையே இல்லை. மற்ற பறவைகள் வந்து உட்கார்ந்து தொல்லை கொடுக்கத்தான் அது உதவும். தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பதைத் தவிர்க்க வேண்டும், குஞ்சுகளின் சாப்பாடே பூச்சிதான்.

வாசலிலேயே கட்டிவிட்டால் கலைக்கலாமா?

முட்டையோ குஞ்சோ இருந்தால் கூடாது. அமெரிக்காவின் 1918-ம் ஆண்டு வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் ரென்னையும் பாதுகாக்கிறது. அனுமதி இல்லாமல் முட்டையை அழித்தால் 15,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கனடாவிலும் இதேபோன்ற சட்டம் இருக்கிறது. பறவையோ முட்டையோ இல்லாத காலிக் கூட்டை எடுக்க அமெரிக்கச் சட்டத்தில் தடை இல்லை.

தொட்டிச் செடி வாடிவிடுமே என்றால், கூட்டை நனைக்காமல் ஓரமாக மெதுவாகத் தண்ணீர் விடலாம். கராஜுக்குள் கட்டியிருந்தால் கதவைப் பகலில் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் குஞ்சுகள் பட்டினி கிடக்கும்.

இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்து கிடந்தால், கையில் எடுத்துக் கூட்டிலேயே வைத்துவிடலாம். 'மனுஷன் கை பட்டால் தாய் சேர்க்காது' என்பது வெறும் நம்பிக்கை. ஆனால் இறகு முளைத்துத் தத்தித் தாவும் குஞ்சைத் தொட வேண்டாம். பறக்கப் பழகும் நாட்கள் அவை, பெற்றோர் பக்கத்திலேயே இருக்கும். 'பாவம்' என்று வீட்டுக்குள் தூக்கிப் போவதுதான் உண்மையில் பாவம்.

அந்த நாட்களில் பெரிய ஆபத்து வீட்டுப் பூனை. வெளியே திரியும் பூனைகளால் அமெரிக்காவில் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகள் சாவதாக 2013-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும் வாரத்திலாவது பூனையை உள்ளே அடைத்து வைக்க வேண்டும்.

கூடு காலியான பிறகு?

உடனே பெட்டியைக் கழற்ற வேண்டாம். ஒரே பருவத்தில் இரண்டாவது முறையும் முட்டையிடுவது சகஜம். இலையுதிர் காலத்தில் பழைய குச்சிகளை எடுத்துச் சுத்தம் செய்தால் போதும். ஹவுஸ் ரென் அதற்குள் தெற்கே கிளம்பியிருக்கும். கரோலினா ரென் அங்கேயேதான் இருக்கும். கடும் பனிக்காலத்தில் வட மாநிலங்களில் இவை நிறையச் செத்துப்போவதும் உண்டு. அதனால் சிலர் மாட்டுக் கொழுப்புக் கட்டியும் உலர்ந்த புழுவும் வைக்கிறார்கள், ராத்திரி ஒதுங்குவதற்காக வராண்டாக் கூரைக்கு அடியில் புல்லில் பின்னிய சின்னப் பையையும் மாட்டி வைக்கிறார்கள்.