கொள்ளிடத்துக்கு வடக்கே: விக்கிரமங்கலம் வட்டாரத்திலிருந்து சோழர் தலைநகர மாற்றத்தைப் பார்த்தல்

கங்கைகொண்ட சோழபுரம் ஏன் தஞ்சைக்கு வடகிழக்கே, கொள்ளிடத்தைத் தாண்டி எழுந்தது? வழக்கமாக இரண்டு விடைகள் வரும். ஒன்று, முதலாம் இராசேந்திரனின் கங்கைப் படையெடுப்பின் வெற்றிப் பெருமிதம். மற்றது, மேலைச் சாளுக்கியரோடும் வேங்கி அரசியலோடும் ஓயாமல் மோதிக்கொண்டிருந்த அரசுக்கு வடக்கே ஒரு தளம் தேவைப்பட்டது என்பது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் வெற்றியைத் தஞ்சையிலேயே கொண்டாடியிருக்கலாம். படைத்தளம் வேண்டுமென்றால் காஞ்சி இருந்தது. இந்த மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுத்ததன் காரணத்தை நிலத்திலும் மழையிலும் தேட வேண்டும் என்பது என் வாதம். அதற்கு நல்ல இடம் விக்கிரமங்கலம்: அரியலூருக்குத் தென்கிழக்கே, கொள்ளிடக் கரைக்கும் உடையார்பாளையம் மேட்டுக்கும் நடுவில் உள்ள ஊர். (உசிலம்பட்டிப் பக்கம் தமிழி கல்வெட்டுகளுக்குப் பேர்போன விக்கிரமங்கலம் வேறு.)

தமிழ்நாடு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை கொண்ட மாநிலம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் அதில் ஓர் அடிகூடக் கிடையாது. ஆயினும் கடலின் வேலையை இந்த அளவுக்கு வெளிப்படையாகக் காட்டும் மாவட்டங்கள் குறைவு. கோண்டுவானா பெருங்கண்டம் பிளந்து இந்தியா விலகியபோது காவிரிப் படுகை தாழ்ந்தது. கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் உள்ளே வந்து, பின்வாங்கி, மறுபடியும் வந்தது. காரைப் பள்ளத்தாக்குகளில் அம்மோனைட் புதைபடிவங்கள் மழைக்கு மழை வெளிப்படுகின்றன. கல்லங்குறிச்சியில் சிப்பிகள் படிந்தே சுண்ணாம்புக்கல் ஆயின. கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்தன. சாத்தனூரில் ஏறக்குறைய 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. 1940-இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1860-களின் தொடக்கத்தில் வகுத்த உட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற அடுக்குகளின் பெயர்களைப் புவியியலாளர்கள் இன்றும் கையாள்கிறார்கள். கல்லங்குறிச்சியின் அந்தச் சிப்பிப் படுகைதான் இன்றைக்கு சிமெண்ட் ஆலைகளின் மூலப்பொருள்.

இந்தப் பழங்கடல் வரலாற்றாசிரியருக்கு எதற்கு? இரண்டு காரணங்கள். முதலாவது, படிவுப் பாறைகளும் செம்மண்ணும் வண்டலும் கொண்ட கிழக்குப் பகுதியில் பெருங்கோயிலுக்கு ஏற்ற கருங்கல் கிடையாது. தலைநகரின் பெருங்கோயிலான கங்கைகொண்ட சோழீச்சுரத்தின் கல் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். அதே நகரின் மாளிகைமேட்டு அரண்மனை செங்கல்லால் ஆனது. இரண்டாவது, இந்த மேடு கிழக்கு நோக்கிச் சரிகிறது. தெற்கே ஓடும், காவிரியின் கிளையான கொள்ளிடமோ தாழ்வான படுகையில் போகிறது. ஆறு பக்கத்தில் இருந்தும் அதன் நீர் தானாக வயலுக்கு ஏறாது. டெல்டா உழவருக்குத் தெரியாத துன்பம் இது.

பருவமழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாநிலத்தின் ஆண்டு மழை சராசரியாக 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலிலிருந்து வருவது. காவிரியின் ஆடிப் பெருக்கோ குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் வரவு. இரண்டும் வேறு மாதங்களில், வேறு திசைகளிலிருந்து வருகின்றன. டெல்டாவுக்கு வாய்க்கால் போதும். மேட்டு நிலம் இரண்டையும் பிடித்து வைத்தால்தான் பிழைக்கும். அதற்குத்தான் ஏரி.

கொள்ளிடத்துக்கு வடக்கே சோழர் ஏரிகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் படம் தெளிகிறது. முதலாம் பராந்தகன் (907–955) காலத்தது வீரநாராயண ஏரி, இன்றைய வீராணம். கண்டராதித்தன் பெயரைத் தாங்கி நிற்பது கண்டிராதித்தம் பேரேரி. பதினொன்றாம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திரனின் சோழகங்கம். நூறு ஆண்டுகளுக்கு மேலாக அரச முதலீடு ஆற்றைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தது. 1025-ஐ ஒட்டித் தலைநகரும் அதைப் பின்தொடர்ந்தது. திடீர் முடிவாகத் தோன்றுவது உண்மையில் ஒரு நீண்ட நகர்வின் கடைசிப் படி.

சோழகங்கத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீர்மயமான வெற்றித் தூண் என்கிறது. இந்தச் சொல்லில் மயங்கி ஏரியை வெறும் சின்னமாகப் படிப்போர் உண்டு. அதன் அமைப்பைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு விவரிப்பின்படி கரை தென்வடலாக 16 மைல். தெற்கே கொள்ளிடத்திலிருந்து ஏறத்தாழ 60 மைல் நீளக் கால்வாய், வடக்கே வெள்ளாற்றிலிருந்து இன்னொன்று. கொள்ளிடம் அருகிலேயே ஓடும்போது அறுபது மைல் எதற்கு? மேட்டை எட்ட வேண்டுமானால் ஆற்று நீரை வெகுதூரம் மேற்கேயே பிரித்தெடுக்க வேண்டும், காரணம் அவ்வளவுதான். அப்படி எடுக்கும் நீர் குடகு மழையின் நீர். ஏரியின் மேல் நேராக விழுவதும் மேட்டிலிருந்து வடிவதும் ஐப்பசி, கார்த்திகை மழை. சோழகங்கம் இரண்டு பருவங்களைச் சேர்த்துக் கட்டிய அமைப்பு. வெற்றித் தூணாகக் கல்லை நடாமல் நீரைத் தேக்கியவன் எந்த நிலத்தில் நிற்கிறோம் என்று அறிந்தவன்.

நீரை விளக்கினால் வணிகம் விடுபடும் என்ற மறுப்பு நியாயமானது. இங்கே விக்கிரமங்கலம் பேசுகிறது. சோழர் காலத்தில் வணிகம் நடந்த ஊர் இது. பத்து, பதினொன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த புத்தர் சிலையும் சமணத் திருமேனியும் இங்கே இருக்கின்றன. சிலையை வைத்து வணிகரின் மதத்தை முடிவு செய்வது அவசரம். ஆனால் அதே காலத்தில் நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் பெயரால் சூடாமணி விகாரம் எழுந்ததும், அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரை அளித்ததை லெய்டன் செப்பேடுகள் பதிந்திருப்பதும் நினைவுக்கு வர வேண்டும். மாளிகைமேட்டு அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. ஆகவே துறைமுகத்தையும் உள்நாட்டையும் இரண்டு வரலாறுகளாக எழுதுவது பிழை. கடல் வணிகம் கரையில் முடிந்துவிடவில்லை. ஆற்றங்கரை வழியாக மேட்டு ஊர்கள் வரை வந்தது. தங்குவோருக்குச் சோறும் மாட்டுக்குத் தண்ணீரும் இல்லாத இடத்தில் சந்தை நிலைக்காது. ஏரிகளை வணிகத்துக்கு எதிரான விளக்கமாக வைக்க முடியாமல் போவது இதனால்தான்.

தலைநகர் ஏறக்குறைய 250 ஆண்டுகள் நின்றது. பிறகு ஏரி தூர்ந்ததற்குப் படையெடுத்து வந்தவர்கள் கரையை உடைத்ததே காரணம் என்று உள்ளூர் மரபு சொல்லும். எனக்கு அது முழு விடையாகப் படவில்லை. அறுபது மைல் கால்வாயை ஆண்டுதோறும் தூர்வார ஓர் அரசு வேண்டும். உடைப்பவன் வராவிட்டாலும் தூர்வாருபவன் போனாலே போதும். 1836-இல் கொள்ளிடத்தின் கீழணைக்காகக் கங்கைகொண்ட சோழீச்சுரத்தின் மதிற்கல் பெயர்க்கப்பட்டதும் கல் அரிதான இந்த நிலத்தின் கதையே.

விடுதலைக்குப் பின் வந்த பொறியாளர்கள் வேறு வழி காணவில்லை. புள்ளம்பாடி வாய்க்கால் காவிரியின் இடக்கரையில் வெகுதூரம் மேற்கே பிரிந்து, மேட்டோரமாக வந்து கண்டிராதித்தம் ஏரிக்கும் சுக்கிரன் ஏரிக்கும் நீர் தருகிறது. வடவாற்று நீரால் நிறையும் வீராணம் 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் அனுப்புகிறது. சோழகங்கம் மட்டும் பொன்னேரி என்ற பெயரில், கொள்ளிடத்துக் கால்வாய் இல்லாமல், பழைய பரப்பின் சிறு பங்கோடு இருக்கிறது.