பழுப்புப் பல்லின் சரித்திரம்

பற்பசை வாங்குகிறோம். விலையைப் பார்க்கிறோம், கூடவே ஒரு பிரஷ் இனாமாகக் கிடைக்குமா என்றும் பார்க்கிறோம். பெட்டியின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்தாற்போலப் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருக்கிறதே, அதைப் படிக்கிறவர்கள் நம்மில் குறைவு. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நாள் படித்துப் பாருங்கள். பெரும்பாலான பெட்டிகளில் ‘புளோரைடு’ என்று ஒரு சரக்கின் பெயர் இருக்கும். சிறு குழந்தைகளுக்குப் பட்டாணி அளவு போதும், விழுங்க விடக் கூடாது என்ற எச்சரிக்கையும் பலவற்றில் இருக்கும். பல்லுக்கு நல்லது என்று வாயில் வைக்கச் சொல்கிறவர்கள், உள்ளே போனால் கெடுதல் என்று ஏன் பயமுறுத்துகிறார்கள்? இதற்குப் பதில் வேண்டுமானால் நாம் 1901-ஆம் வருஷத்து அமெரிக்காவுக்கு, ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் பிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் வைத்தியர் அங்கே வந்து தொழில் ஆரம்பித்தார். முந்தின வருஷம்தான் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் பட்டம் வாங்கியவர். வந்ததுமே அவருக்கு ஒரு திகைப்பு. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் வாயைத் திறந்தால் பல்லெல்லாம் பழுப்பாக இருந்தது. சிலருக்கு வெறும் புள்ளி. சிலருக்குத் திட்டுத் திட்டாக. சிலருக்கு முன்பற்கள் முழுவதுமே சாக்லேட் நிறம். தேய்த்தால் போகிற அழுக்கு அல்ல அது. பல்லோடு பல்லாக ஊறிப்போன கறை. படித்த புத்தகங்களை எல்லாம் புரட்டிப் பார்த்தார். ஒன்றிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஊராரைக் கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பன்றி மாமிசம் அதிகம் தின்பதால் என்றார் ஒருவர். பால் மட்டம் என்றார் இன்னொருவர். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி என்றார் மூன்றாமவர். உள்ளூர்ப் பல் வைத்தியர்களுக்கோ இதில் அக்கறையே பிறக்கவில்லை. தினந்தோறும் பார்த்துப் பழகிய கறைதானே! மெக்கே மட்டும் விடுவதாக இல்லை. அன்று பிடித்த பிடியை அவர் முப்பது வருஷம் விடவில்லை. அவருக்கு ஆராய்ச்சிச்சாலை கிடையாது. நோயாளிகளின் பல்லைப் பிடுங்குவதும் அடைப்பதும் போக மிஞ்சிய நேரத்தில் நடந்த வேலை அது. கதை எழுதுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட பிடிவாதக்காரர்கள் கிடைத்தால் கொண்டாட்டம்தான். ஆனால் இந்த மனுஷரைக் கதையில் வைத்தால், “ஒரு கறைக்காக முப்பது வருஷமா?” என்று வாசகர்கள் நம்ப மறுப்பார்கள்.

அந்தக் காலத்தில் அமெரிக்கப் பல் வைத்திய உலகத்தின் பீஷ்மாசாரியார் கிரீன் வார்திமன் பிளாக் என்பவர். பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாமல், பெரும்பாலும் தாமாகவே கற்று, சிகாகோவில் பல் வைத்தியக் கல்லூரிக்குத் தலைவரானவர். மெக்கே சொன்ன சமாசாரத்தை அவர் முதலில் நம்பவில்லை. இப்படி ஒரு வியாதி இருந்தால் அது புத்தகத்தில் ஏறாமல் இருக்குமா என்பது அவர் கட்சி. பிறகு உள்ளூர்ப் பல் வைத்தியர் சங்கத்தார் குழந்தைகளைப் பரிசோதித்து, ஊரிலேயே பிறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் கிட்டத்தட்ட இந்தக் கறை இருப்பதாகக் கணக்கு அனுப்பினார்கள். 1909-ல் பிளாக்கே ரயிலேறி வந்துவிட்டார். பார்த்தார்; அயர்ந்துபோனார். 1915-ல் காலமாகும் வரையில் இந்த ஆராய்ச்சி அவரை விடவில்லை.

இருவரும் சேர்ந்து இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்தார்கள். பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்திலேதான் கறை ஏறுகிறது. கறையில்லாத பல்லோடு வளர்ந்துவிட்ட பெரியவர்கள் அந்த ஊருக்குக் குடிவந்தால் அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. இது முதலாவது. இரண்டாவதுதான் விசித்திரம். பார்க்க இவ்வளவு விகாரமாக இருந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்தது!

சொத்தை எப்படி உண்டாகிறது என்பது அதற்குள் தெரிந்திருந்தது. பல்லுக்குள் புழு இருந்து குடைகிறது என்பது பாபிலோனியா காலத்து நம்பிக்கை. நம் ஊர்களிலும் பல் புழு எடுக்கிறேன் என்று தெருத் தெருவாக வந்தவர்கள் உண்டு. பெர்லினில் இருந்த மில்லர் என்ற அமெரிக்கர் 1890-ல் வெளியிட்ட புத்தகத்தில் அந்தப் புழுவுக்கு ஒரு முடிவு கட்டினார். வாயிலே குடியிருக்கும் கிருமிகள், நாம் தின்னும் சர்க்கரையையும் மாவையும் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் கெட்டியான மேல்பூச்சாகிய எனாமலைக் கரைக்கிறது. அப்படியானால் கொலராடோ ஸ்பிரிங்ஸ் குழந்தைகளின் வாயில் கிருமி இல்லையா, அவர்கள் மிட்டாய் தின்னவில்லையா? எல்லாம் உண்டு. ஆனாலும் பல் கரையவில்லை.

1923-ல் ஐடஹோ மாகாணத்தில் ஓக்லி என்ற சிற்றூரிலிருந்து மெக்கேக்கு அழைப்பு வந்தது. அங்கே சில வருஷங்களாகக் குழந்தைகளின் பல்லில் பழுப்பு கண்டிருந்தது. ஐந்து மைல் தொலைவில் இருக்கும் ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் இந்த வினை என்றார்கள் தாய்மார்கள். மெக்கே அந்தத் தண்ணீரைச் சோதித்தார். சந்தேகப்படும்படி ஒன்றும் தென்படவில்லை. ஆனாலும் அவர், “குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்குப் போய்விடுங்கள்” என்று சொல்லிவிட்டார். அப்படியே செய்தார்கள். சில வருஷங்களில் சின்னக் குழந்தைகளுக்குக் கறையில்லாத பல் முளைத்தது. குற்றவாளி தண்ணீருக்குள்தான் ஒளிந்திருக்கிறான் என்பது உறுதியாயிற்று. அவன் பெயர்தான் தெரியவில்லை.

அந்தப் பெயரை வெளியிட்டவர் பல் வைத்தியரே அல்ல. அவர் பல்லைப் பற்றிக் கவலைப்பட்டவரும் அல்ல. ஆர்க்கன்ஸா மாகாணத்தில் பாக்ஸைட் என்று ஓர் ஊர். அலுமினியம் எடுக்கும் கனிப்பொருளின் பெயரே ஊருக்கும் பெயர். அல்கோவா என்ற பெரிய அலுமினியக் கம்பெனியின் சொந்த ஊர் அது. அங்கேயும் பழுப்புப் பல் என்று 1920-களின் கடைசியில் மெக்கே போய்ப் பார்த்து வந்தார். இந்தச் செய்தி கம்பெனியின் தலைமை ரசாயன நிபுணர் சர்ச்சிலுக்கு எட்டியது. அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் விஷம் என்று ஒரு வதந்தி உலாவிய சமயம் அது. குழந்தைகளின் பல் பழுத்ததற்கும் அலுமினியத்தின்மேல் பழி விழுந்துவிடப் போகிறதே என்று அவருக்குக் கலக்கம். ஊர்த் தண்ணீரை வரவழைத்து, சாதாரண ரசாயனச் சோதனைகளுக்குச் சிக்காத பொருள்களையும் நிறமாலை மூலம் காட்டிக் கொடுக்கும் கருவியில் ஆராயச் செய்தார். விடை வந்தது: லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் புளோரைடு. அவரால் நம்ப முடியவில்லை. புதிதாகத் தண்ணீர் எடுத்து மறுபடி பார்க்கச் சொன்னார். மறுபடியும் அதே விடைதான். 1931 ஜனவரியில் மெக்கேக்குக் கடிதம் எழுதினார். பாத்திரத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவர் பல்லைக் காப்பாற்றிவிட்டார்.

புளோரின் பொல்லாத சரக்கு. கண்ணாடியையே அரிக்கும் அமிலம் அதிலிருந்து வருவதுதான். அதைப் பிரித்தெடுக்க முயன்று உயிரையே விட்ட ரசாயனிகள் உண்டு. பாரிஸில் முவாஸான் என்பவருக்குத்தான் 1886-ல் அது வசப்பட்டது. அப்பேர்ப்பட்ட பொருள் குடிதண்ணீரிலா? பாறைகளில் இருக்கும் புளோரைடை நிலத்தடி நீர் மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

இனிமேல் கேள்வி அளவைப் பற்றியது. அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதார இலாகாவில் டிரெண்ட்லி டீன் என்ற பல் வைத்தியர் 1931-ல் இதைக் கையில் எடுத்தார். ஊர் ஊராகத் தண்ணீரையும் குழந்தைகளின் பல்லையும் ஒப்பிட்டு, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரையில் இருந்தால் பெரும்பாலோருக்குப் பல்லில் அவலட்சணம் வருவதில்லை, சொத்தை மட்டும் குறைகிறது என்று கண்டார். அப்படியானால் புளோரைடே இல்லாத ஊரில் அந்த ஒரு மில்லிகிராமை நாமே சேர்த்தால் என்ன? 1945 ஜனவரி 25-ஆம் தேதி மிச்சிகன் மாகாணத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத் தண்ணீரில் அதைக் கலக்க ஆரம்பித்தார்கள். சுமார் 30,000 பள்ளிக்கூடக் குழந்தைகளைப் பதினைந்து வருஷம் கவனித்தார்கள். கலக்க ஆரம்பித்த பின் பிறந்த குழந்தைகளிடம் சொத்தை நூற்றுக்கு அறுபதுக்கு மேல் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் புளோரைடு சேர்க்காமல் வைத்திருந்த பக்கத்து நகரம் மஸ்கீகன். அந்த ஊர்க்காரர்கள் முடிவு தெரியும் வரையில் காத்திருக்கவில்லை. 1951-லேயே தங்கள் தண்ணீரிலும் கலந்துகொண்டுவிட்டார்கள்!

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. என்னைக் கேட்காமல் நான் குடிக்கிற தண்ணீரில் ஒன்றைக் கலக்க நீ யார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி என்றே எனக்குத் தோன்றுகிறது. சுவிட்ஸர்லாந்தில் பேஸல் நகரம் 1962-ல் ஆரம்பித்து 2003-ல் நிறுத்திவிட்டது. அந்த நாட்டில் புளோரைடு கலந்த உப்பும் கடையில் கிடைக்கிறது. பற்பசையிலேயே புளோரைடு வந்துவிட்டபடியால், தண்ணீரில் கலப்பதால் வரும் லாபம் முன்போல் அவ்வளவு பெரிதல்ல என்று பிந்திய ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

நம் பக்கத்துக் கதை வேறு. இங்கே யாரும் கலக்க வேண்டியிருக்கவில்லை. பூமியே கலந்து வைத்திருந்தது. அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் இந்த நோய் பரவியிருப்பதை 1937-ல் வைத்திய ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். பல் கறையோடு அது நிற்கவில்லை. வருஷக்கணக்காக அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு எலும்பு இறுகி, முதுகு வளைந்து, நிமிர முடியாமல் போயிற்று. தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் பழுப்புப் பல்லோடு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் சிரிக்கத் தயங்கிய பெண்ணுக்கு, கொலராடோ ஸ்பிரிங்ஸில் இதே பல்லைப் பார்த்து ஒருவர் முப்பது வருஷம் தூங்காமல் அலைந்தார் என்பது என்ன ஆறுதல் தரும்? 2013-ல்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டு, காவிரித் தண்ணீர் அந்த மாவட்டங்களுக்குக் குழாயில் போயிற்று. ஓக்லியில் மெக்கே சொன்ன அதே வைத்தியம்தான்: ஊற்றை மாற்று. இந்தியாவில் குடிநீருக்கு விதித்திருக்கும் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரையில் போகலாம்.

இப்போது பற்பசைப் பெட்டிக்கு வருவோம். புளோரைடு உள்ளே போய் வேலை செய்கிறது என்றுதான் டீன் காலத்தில் நினைத்தார்கள். பிறகு தெரிந்தது வேறு. அது முக்கியமாகப் பல்லின் மேலே இருந்தே வேலை செய்கிறது. அமிலம் அரித்த எனாமலை எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக்கொண்டு மறுபடி கட்டுவதற்கு உதவுகிறது. ஆனால் கறை ஏறுவது, வளரும் குழந்தை விழுங்கினால்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டில் பற்பசையில் பத்து லட்சத்துக்கு 1,000 பங்கு வரையில் புளோரைடு இருக்கலாம். அதாவது ஒரு கிராம் பசையில் ஒரு மில்லிகிராம். விளம்பரப் படத்தில் காட்டுகிறாற்போல பிரஷ் நீளத்துக்கும் பிதுக்கி, தித்திப்பாக இருக்கிறதே என்று குழந்தை அதை விழுங்கிவிட்டால், கிராண்ட் ராப்பிட்ஸ் தண்ணீரில் ஏறக்குறைய ஒரு லிட்டர் குடித்த கணக்கு. அதனால்தான் மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, ஆறு வயது வரையில் பட்டாணி அளவு என்கிறார்கள். பசையைப் பெரியவர்களே பிரஷ்ஷில் வைத்துக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் நின்று துப்பவும் சொல்ல வேண்டும். ஆழ்கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு மிகுந்த ஊராயிருந்தால், குழந்தைக்கு எந்தப் பசை என்பதை வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

காலையில் ஒரு தடவை, இரவு படுக்கப் போகும்முன் ஒரு தடவை. இரண்டில் இரவுதான் முக்கியம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடுகிறது. தேய்த்தபின் நுரையைத் துப்பிவிட்டு, வாயில் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொப்பளிக்காமல் இருந்தால் புளோரைடு கொஞ்ச நேரம் பல்லில் தங்கும் என்கிறார்கள். நம் வழக்கத்துக்கு இது நேர் விரோதம். எங்கள் வீட்டில் மற்ற எல்லாச் சீர்திருத்தங்களுக்கும் தலையாட்டிவிட்ட என் தாயார், “வாய் கொப்பளிக்காமலா படுப்பார்கள்?” என்று இதற்கு மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை.