துண்டு முறையும் நம்பிக்கையும்: சப்பிரகமுவத் தோட்டங்கள் வழியே ஒரு நோக்கு

பெருந்தோட்ட வரலாற்றிற் கங்காணி முறை பெரும்பாலும் கடன்சுமையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அஃது அறிமுகமற்றோரிடையே நம்பிக்கையை நிலைநாட்ட எழுந்ததோர் ஏற்பாடுமாகும் என்பது நோக்கற்பாலது.

தோட்டத்துரைக்குத் தமிழகத்துக் கிராமங்கள் தெரியா. கிராமத்தவருக்குத் துரையைத் தெரியாது. இரு சாராருக்குமிடையே கங்காணி நின்றான். துரை தந்த முற்பணத்தைக் கொண்டு அவன் தன் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டினான். வழிச்செலவும் பழைய கடனும் தொழிலாளர் பெயரிற் பதியப்பட்டன. கங்காணியின் சொல்லே துரைக்குப் பிணையாயிற்று.

ஆட்கள் தோட்டம் மாறுகையில் அச்சொல் மட்டும் போதவில்லை. எனவே 'துண்டு' எனும் சீட்டு வழக்கிற்கு வந்தது. இன்ன தொகையைச் செலுத்தினால் இக்கூட்டத்தை விடுவிப்பேன் எனப் பழைய துரை எழுதிக்கொடுப்பார். புதிய துரை அக்கடனைத் தீர்த்து ஆட்களைப் பெறுவார். ஒருவரையொருவர் காணாத துரைமாரும் அச்சீட்டை நம்பிப் பணம் கொடுத்தனர்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் இறப்பர்ச் செய்கை விரிவடைந்தது. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதையும் 1912இல் இரத்தினபுரியை எட்டியது. ஆட்தேவை பெருகவே துரைமார் போட்டியிட்டு முற்பணத்தை உயர்த்தினர். கூட்டங்கள் தோட்டம் மாறமாறக் கடனும் வளர்ந்தது.

இம்முறையின் அடிப்படைக் குறை இங்கேதான் வெளிப்படுகின்றது. துண்டு கடன்தொகையைக் கூறியதேயன்றி, தொழிலாளியின் திறமையையோ கணக்கின் உண்மையையோ கூறவில்லை. எழுத்தறியாத தொழிலாளி தன் பெயரில் எழுதப்பட்டதை வாசிக்கவோ மறுக்கவோ இயலாதவனாயிருந்தான். முன்னறிவித்தலின்றி வெளியேறினால், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அவனைச் சிறைக்கு அனுப்பக்கூடியதாயிருந்தது. நம்பிக்கையின் பயன் துரைக்கும் கங்காணிக்கும் சேர, அதன் விலையைத் தொழிலாளி செலுத்தினான்.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. எனினும் அது எழுப்பிய வினா ஒழிந்துவிடவில்லை. இன்றைய கணினி வலையமைப்புகளிலும், முன்பின் அறியாத இயந்திரமொன்றை மற்றொன்று நம்புவது மூன்றாமவர் வழங்கும் சான்றிதழைக் கொண்டேயாகும். வலை விரியுந்தோறும் சான்று தேவைப்படுவது இயல்பே. ஆயின் சான்று யாரைக் குறித்ததோ அவரும் அதனைப் பார்க்கவும், பிழையெனில் திருத்தக் கோரவும் இயலவேண்டும். அவ்வுரிமை இல்லாதவிடத்து நற்பெயரும் ஒரு விலங்காகிவிடும் என்பதற்குத் தோட்டங்களின் துண்டே சான்றாகும்.