தோம்பு அறியாத உறவு: ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்

ஈழத்துக் கத்தோலிக்க திருச்சபையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் குருமாரின் வரலாற்றையே எழுதிச் சென்றனர். சுவாமி ஞானப்பிரகாசர், எஸ். ஜி. பெரேரா அடிகளார் முதலிய அறிஞரின் நூல்களிலும் கோவையிலிருந்து வந்த யோசேவ் வாஸ் அடிகளாரே நடுநாயகமாக விளங்குகின்றார். அவர் 1687ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தை வந்தடைந்தமை ஒரு திருப்புமுனை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவர் யாரைத் தேடி வந்தார் என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமானது முதல் அவர் வருகை வரை இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அக்காலமெல்லாம் அங்கு நிலையாக ஒரு குருவானவரும் இருந்ததில்லை. பூசையும் பாவசங்கீர்த்தனமும் இன்றி ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணமும் முடித்துவிட்டது. எனினும் அவர் வந்தபோது அவரை ஏற்று மறைத்து வைத்துக் காக்கத்தக்க ஒரு மக்கட் கூட்டம் இருந்தது. அக்கூட்டத்தைப் பிணைத்து வைத்திருந்தது எது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

இம்மக்களின் முன்னோர் திருமறையில் சேர்ந்த சூழல் பெருமைப்படத்தக்கதாக முழுவதும் அமைந்திருந்தது எனக் கூறுவதற்கில்லை. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கைக்கு மாறியது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. ஆட்சியாளரின் சமயம் என்ற காரணத்தால் அதனைத் தழுவியோர் பலர். எனவே 1658இல் ஆட்சி மாறியபோது அச்சமயமும் ஆட்சியோடு அழிந்துபோகும் என ஒல்லாந்தர் எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

அந்த எதிர்பார்ப்பை அவர்கள் சட்டத்தாலும் உறுதிசெய்ய முற்பட்டனர். 1658 செப்ரெம்பர் 19ஆம் நாள் வெளியிடப்பட்ட கட்டளை, கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை விதித்தது. போர்த்துக்கேயர் கட்டிய கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் கோயில்களாயின. அவற்றோடு பாடசாலைகள் இணைக்கப்பட்டன. 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பல்தேயஸ் பாதிரியார் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட தமது நூலில் தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு என ஊர் ஊராகக் கோயில்களையும் அங்கு பயின்ற பிள்ளைகளின் தொகையையும் நிரைப்படுத்திச் செல்கின்றார். பாடசாலைக்கு வராத பிள்ளைகளுக்காகத் தண்டம் அறவிடப்பட்டது. பிறப்பும் திருமுழுக்கும் திருமணமும் உபாத்தியாயரின் தோம்பிற் பதியப்பட்டன. தோம்பில் இல்லாத திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணமன்று. அதன்வழிப் பிறந்த பிள்ளை முதுசொத்துக்கு உரிமை கோருவதும் அரிது. பதவி வேண்டியோர் கதையும் அதுவே. ஆகவே பெயரைத் தோம்பிற் கொடுத்துவிட்டு மனத்தைப் பிறிதோரிடத்தில் வைத்திருப்பது யாழ்ப்பாணத்தாரின் வழக்கமாயிற்று. இவ்வழக்கம் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று. விரதநாளில் உண்ட வாழையிலையைக் கூரை இறப்பில் ஒளித்து வைத்த சைவர் பற்றிய கதை இன்றும் ஊர்களில் வழங்குகின்றது. ஞாயிறுதோறும் ஒரே கோயிலில், ஒரே பிரசங்கத்தைக் கேட்டபடி, மறைவாகச் சிவனை நினைத்தவரும் மறைவாகச் செபமாலை வைத்திருந்தவரும் அருகருகே இருந்தனர் என எண்ணும்போது, அத்தோம்புகளில் எழுதப்பட்ட பெயர்கள் எவ்வளவு குறைவாகவே பேசின என்பது புலனாகும்.

தோம்பு ஒருவரை அறிந்த முறை ஒன்று. மறைவான திருச்சபை தன் உறுப்பினரை அறிந்த முறை முற்றிலும் வேறு. எழுத்தில் எதையும் வைக்க இயலாத நிலையில், எந்த வீட்டில் மாலையில் செபம் சொல்லப்படுகின்றது, எந்த வீட்டாரை நம்பலாம், எந்த உறவினர் உபாத்தியாயருக்கு நெருங்கியவர் என்பனவெல்லாம் மனத்திலேயே காக்கப்பட வேண்டியிருந்தன. அவசர வேளையில் குருவல்லாத ஒருவரும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பது கத்தோலிக்க நெறி. அந்த விதிவிலக்கே இங்கு பொதுவிதியாயிற்று. தமிழ்ச் செபங்களோ புதியன அல்ல. எதிர்க்கரையில் என்றிக்கே என்றிக்கசு அடிகளார் 1578இல் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்ட நாள் முதல் அவை முத்துக்குளித்துறையிலும் அதன் தொடர்பிலிருந்த இடங்களிலும் பரவியிருந்தன. நூல் பறிமுதலாகலாம்; மனனம் பறிமுதலாகாது. தாய் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த செபமே அக்காலத்து வேதபாடம்.

இங்கே ஒன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். ஒருவரையொருவர் அறிந்திருத்தல் அன்று ஆபத்தான காரியம். பிறரைப் பற்றி அறிந்தவன் அவரைக் காட்டிக் கொடுக்கவும் வல்லவன். அண்டை வீட்டில் ஒருவர் மரணப் படுக்கையில் இருக்கிறார் என்றறிந்து இரவில் சென்று செபம் சொல்லும் ஒருவர், தம்மையும் தம் குடும்பத்தையும் அவ்வீட்டாரின் நாவில் ஒப்படைத்தார்.

யோசேவ் வாஸ் அடிகளார் வந்த விதம் இதனைத் தெளிவாக்கும். கூலியாள் போன்ற உடையில், யோவான் என்னும் பணியாளனோடு வந்த அவர், யாழ்ப்பாணத்தில் எவர் கத்தோலிக்கர் என அறியார். கேட்டறியவும் வழியில்லை. கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். மாலையைக் கண்டு முகம் மாறுவோர் எவர் என நோக்கினார். அவர் வயிற்றளைச்சலால் நலிந்து ஊர்ப்புறத்தே ஒரு குடிசையிற் கிடந்தபோது ஒரு பெண் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அப்பெண்ணின் பெயர் வரலாற்றில் இல்லை. ஆயினும் குருவைத் திருச்சபை காத்தது, குரு திருச்சபையைக் காக்குமுன்பே நிகழ்ந்தது என்பதற்கு அக்கஞ்சியே சான்று. பின்னர் பண்டத்தரிப்பை அடுத்த சில்லாலை மக்கள் அவரைத் தம்மூருக்கு அழைத்துச் சென்று வைத்துக் காத்தனர். அங்கிருந்து இரவுகளில் ஊரூராகச் சென்றார். எந்த வீட்டிற் கதவைத் தட்டுவது என்பதை அழைத்துச் சென்றவர்களே அறிவர். ஊரே அறிந்த இரகசியம் ஏறத்தாழ ஈராண்டு வெளிப்படவில்லை.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் அது உடைந்தது. பூசைக்காகக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படைவீரர் சூழ்ந்து பிடித்தனர். அடிகளார் அவர்கள் கையில் அகப்படவில்லை. மறுநாள் பெண்கள் விடுவிக்கப்பட்டனர். ஆண்களுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. சீர்திருத்தத் திருச்சபையை விட்டு வந்தோர் எனக் கண்ட எண்மர் கொடுமையாக அடிக்கப்பட்டனர். அவருள் ஒருவர் அந்நாளிலேயே மாண்டார்; ஏனையோர் ஆயுள் முழுதும் கடூழியத்துக்கு விதிக்கப்பட்டனர். அத்தனை பேர் பிடிபட்டிருந்தும் அடிகளார் அகப்படாமல் 1690இல் புத்தளம் சென்று, பின்னர் கண்டி இராச்சியத்துள் புகுந்தார்.

குருமார் வரத் தொடங்கிய பின்னும் அவர்கள் தொகை சிலரே. ஓரூருக்கு ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோ வருவதே அரிது. ஆகவே மக்கள் ஏற்கனவே செய்து வந்ததையே அவர்கள் முறைப்படுத்தினர் எனலாம். மூப்பர் கோயில் காரியங்களையும் மக்களின் நலந்தீங்குகளையும் கவனித்தார். அண்ணாவியார் ஞாயிறுகளிற் செபம் சொல்வித்து, நோயாளியைச் சந்தித்து, இறந்தோரை அடக்கம் செய்வித்தார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை இயற்றினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் குருவில்லாத ஊரிலும் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கத்தக்கதாக அமைந்தது. 1697இல் கண்டியில் வைசூரி பரவியபோது, உறவினரே கைவிட்டுச் சென்ற நோயாளிகளை யோசேவ் வாஸ் அடிகளாரும் அவர் மருமகனான யோசேவ் கர்வாலியோ அடிகளாரும் சமய வேறுபாடின்றிப் பராமரித்தனர். தம்மவரைப் பேணும் வழக்கம் அங்கே தம்மவர் அல்லாதாரையும் எட்டியது.

யாழ்ப்பாணத்தில் அது அவ்வளவு தூரம் சென்றதெனக் கூறுதல் மிகையாகும். நம்பிக்கை உறவின் வழியே பரவியமையால், உறவின் எல்லையே அதன் எல்லையாகவும் அமைந்தது. கத்தோலிக்கக் கோயில்கள் பல சாதிவழி, ஊர்வழிப் பிரிந்து நின்றமையும், ஒரே கோயிலுக்குள்ளும் இடவேற்றுமை பிற்காலம் வரை நீடித்தமையும் யாவரும் அறிந்தவை. இரவில் ஒருவருக்கொருவர் உயிரையே ஒப்படைத்தவர்கள் பகலில் ஒரே வரிசையில் அமரத் தயங்கினர்.

1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது. 1801ஆம் ஆண்டுக் கணக்கில் யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்து கிறித்தவர் ஏறத்தாழ 136,000 பேர் எனக் காட்டப்பட்டது. முப்பத்திரண்டு கோயில்களின் பதிவுகள் திரட்டிய தொகை அது. 1806இல் தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். அதே ஆண்டளவில் குளோடியஸ் புக்கானன் யாழ்ப்பாணத்துக்கு வந்து பார்த்தபோது, ஒல்லாந்தர் கோயில்கள் பாழடைந்து கிடந்தன. அங்கு அவர் கண்ட புரட்டஸ்தாந்துப் போதகர் கிறித்தியான் தாவீது என்னும் தமிழர் ஒருவரே. அதே வேளையில், எந்தத் தோம்பிலும் கத்தோலிக்கர் என எழுதப்படாதவர்களின் வழித்தோன்றல்கள் பகலில் வெளிப்படையாகக் கோயிலுக்குச் செல்லத் தொடங்கியிருந்தனர்.